ஒரு ரைட் பீல்டரின் எதிர்காலம்

சிவமயம்

நொஷாட்டல்
12.02.2012

அன்புள்ள அண்ணைக்கு,

நானும் பிள்ளையும் நல்ல சுகம். உங்கள் சுகத்தோடு அண்ணியின் முழங்கால் எப்படி என்றும் எழுதுங்கள். நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசச் சொன்னேனே, பூசினாரா?

ஒரு ரயில் தூரத்தில் இருந்துகொண்டு இவளுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பீர்கள். போன் எடுத்தால் சுகம் கேட்டு முடிவதற்குள் இருவரும் கத்தத் தொடங்கிவிடுகிறோம். பக்கத்து அறையில் பிள்ளை. கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் நீங்கள் குறுக்கே கதைக்க முடியாது.

கிஷோபன் செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டான். துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தான். நீங்கள் பழக்குகிற கழகத்திலிருந்து ஒரேயொரு ரைட் பீல்டரை ஜேர்மனியில் உள்ள பேஸ்போல் பள்ளிக்கு இரண்டு வருடம் அனுப்பப் போகிறீர்களாம். இவனையா, சிவமலரின் மகன் அனோஜனையா என்று முடிவில்லையாம். அங்கே போனால் அமெரிக்கக் கல்லூரிகள் வந்து பார்த்து எடுப்பார்களாம். "மாமா என்னைப் பாக்கவே இல்லை அம்மா. அனோஜனைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவர்" என்றான்.

தகப்பன் இல்லாத பிள்ளை. எல்லாப் பெடியன்களையும் போல உதைபந்துக்கு விட்டிருப்பேன். நீங்கள்தான் தோல் கையுறையோடு வந்து நின்றீர்கள். இந்த நாட்டில் யாருக்கும் தெரியாத விளையாட்டைப் பழக்கிவிட்டு இப்போது முகத்தைத் திருப்பினால் அவன் எங்கே போவான்? சிவமலரும் நானும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறோம். அவளுடைய மகன் போய் என்னுடைய மகன் நின்றால் நான் எப்படி அவள் முகத்தில் முழிப்பேன்? நல்ல பதிலாக எழுதுங்கள்.

அன்புத் தங்கை
சரோஜினிதேவி


பீல்
20.02.2012

அன்புத் தங்கச்சி சரோவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். அண்ணி எண்ணெய் பூசுகிறாள், வீடு முழுக்க மணக்கிறது, முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

நீ நினைப்பது போல நான் யாருக்கும் முகத்தைத் திருப்பவில்லை. முடிவெடுப்பவன் நான் மட்டும் இல்லை. தலைமைப் பயிற்சியாளர் ரமோன், எங்கள் தொழிற்சாலையில் மணிக்கூட்டு முள் பொருத்துகிற டொமினிக்கன்காரர், அவர்தான் கடைசியில் கையெழுத்துப் போடுவார். பெயர்கள் மே மாத முடிவில் போகவேண்டும்.

விளையாட்டை உனக்கு ஒருமுறை விளக்குகிறேன். ரைட் பீல்டர் நிற்பது வலப்பக்கத்துக் கோடியில். பந்து அவனிடம் அடிக்கடி வராது. வந்தால் அதை எடுத்து மைதானத்துக்குக் குறுக்கே எதிர்ப்பக்கத்தில் உள்ள மூன்றாம் பேஸ் மூலை வரைக்கும் எறியவேண்டும். அதற்குக் கை வேண்டும். கிஷோபனுக்கு அது இருக்கிறது. இன்றைக்கு ஒரு ஆட்டம் வைத்தால் நான் அவனைத்தான் நிறுத்துவேன்.

ஆனால் பள்ளிக்காரர் கேட்பது இன்றைக்கு யார் கெட்டிக்காரன் என்பதை அல்ல. இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில் யார் எங்கே நிற்பான் என்பதைத்தான். அனோஜன் மட்டையில் பந்து படுகிற சத்தத்திலேயே ஓடத் தொடங்கிவிடுகிறான். உடம்பு இன்னும் வைக்கவில்லை. கைகால் மட்டும் பெரிதாக இருக்கிறது. அவன் இனித்தான் வளருவான். கிஷோபன் வளர்ந்து முடிந்துவிட்டான் போலத் தெரிகிறது.

பிள்ளைக்கு மனம் நோகாமல் சொல்லிவை.

அன்பு அண்ணன்
பத்மநாதன்


நொஷாட்டல்
03.03.2012

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம். உங்கள் சுகத்தையும் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதினாறு வயதுப் பிள்ளை வளர்ந்து முடிந்துவிட்டானா? இதை எந்த டாக்டர் சொன்னார்? மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் இதையும் படிப்பிக்கிறார்களா?

நான் விளையாட்டுத் தெரியாதவள்தான். ஆனால் கண் இருக்கிறது. போன வருடம் பேர்ணில் நடந்த போட்டியில் இவன் கோடியிலிருந்து எறிந்த பந்தைப் பார்த்து எதிரணித் தாய்மாரே கைதட்டினார்கள். அனோஜன் எறிந்த பந்து இரண்டு தரம் நிலத்தில் குத்திக் குத்திப் போனது. பள்ளிக்கூடத்திலும் ஓட்டம், குண்டெறிதல் எல்லாவற்றிலும் முதலாம் வகுப்பிலிருந்தே இவன்தான் முதல். இது ஒன்றும் இன்றைக்கு வந்த கெட்டித்தனம் இல்லை.

சத்தத்தில் ஓடுகிறானாம்! சத்தத்தில் ஓடுவதற்கா இரண்டு வருடம் படிப்பிக்கிறார்கள்?

உள்ளதைச் சொல்லுங்கள். சொந்த மருமகனை அனுப்பினால் ஊர் கதைக்கும் என்று பயப்படுகிறீர்கள். நீங்கள் எப்போதும் அப்படித்தான், பந்தியில்கூடச் சொந்தக்காரருக்குக் கடைசியில்தான் போடுவீர்கள். நல்லவன் பெயர் உங்களுக்கு, பட்டினி எங்களுக்கு.

சரோ


பீல்
25.03.2012

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கோபம் விளங்குகிறது. பதில் பிந்தியதற்குக் காரணம், எழுதி எழுதிக் கிழித்ததுதான்.

ஒரு விஷயம் இருக்கிறது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைக் கடதாசியில் வைக்க எனக்கு விருப்பமில்லை. நீ பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு இருக்கிறாய். கொம்யூன் கந்தோரில் உன் ஒவ்வொரு பத்திரத்தையும் புரட்டிப் பார்க்கிற நேரம் இது. கொஞ்சம் யோசி.

போன கிழமை பயிற்சியில் ரமோன் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, "பத்மா, உன் மருமகன் எப்போதிருந்து ஷேவ் எடுக்கிறான்?" என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய நாட்டில் பேஸ்போல் வீரனின் வயதைத்தான் முதலில் பார்ப்பார்களாம், கையைப் பிறகுதானாம்.

இன்னொன்று. அந்தப் பள்ளியில் சேர முன்னம் முழு வைத்தியப் பரிசோதனை உண்டு. விளங்குகிறதா?

அண்ணன்


நொஷாட்டல்
02.04.2012

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம். பரிசோதனை என்று என்னைப் பயப்படுத்தாதீர்கள். பிள்ளைக்குத் தடிமன் காய்ச்சல் வந்தே மூன்று வருடம். கண், காது, இரத்தம் எதை வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

நீங்கள் மூடி மூடிக் கதைப்பது எனக்கு விளங்கவில்லை. நான் வேறு வழியில் பார்த்துவிட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த சாத்திரியாரைக் கோவிலில் சந்தித்தேன். கிஷோபனின் சாதகத்தைப் புதிதாகக் கணிப்பித்தேன். அவர் ஒன்றும் தெரியாமலே சொல்கிறார்: பிள்ளை பதினெட்டு வயதுக்கு முன்னம் எல்லை தாண்டிப் போவான், கைத்திறமையால் பெயர் எடுப்பான், தாய்மாமன் முதலில் தடை போட்டாலும் பிறகு வழிவிடுவார். தாய்மாமன் என்று அவராகத்தான் சொன்னார் அண்ணை! எனக்கு உடம்பு புல்லரித்தது.

அனோஜனின் சாதகத்தையும் பார்த்தால் நல்லது. அவன் பிறந்த நேரத்தைச் சிவமலரிடம் எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. நீங்கள் கழகத்தில் பிறந்த திகதி வைத்திருப்பீர்கள்தானே, அனுப்புங்கள்.

அன்புத் தங்கை
சரோ


பீல்
06.04.2012

சரோ,

எந்தத் திகதிக்குச் சாதகம் கணிப்பித்தாய்?

பத்திரத்தில் இருக்கிற திகதியைக் கொடுத்திருப்பாய். அவன் உண்மையில் பிறந்த விடியற்காலை நேரத்தையும் சேர்த்துக் கொடுத்திருப்பாய். அந்தத் திகதியில் அந்த நேரத்தில் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் பிறக்கவில்லை! இல்லாத ஒரு பிள்ளைக்குச் சாத்திரியார் எதிர்காலம் சொல்லியிருக்கிறார், உனக்குப் புல்லரிக்கிறது.

எழுத மாட்டேன் என்றிருந்தேன். எழுத வைத்துவிட்டாய். அவன் பிறந்தது தொண்ணூற்று மூன்றில். கொழும்பில் ஏஜென்சிக்காரன் வேறொரு பிள்ளையின் பாஸ்போர்ட்டில் உன்னோடு ஏற்றிவிட்டான். அந்தப் பிள்ளைக்கு இரண்டு வயது குறைவு. இங்கே அகதி முகாமில் பதியும்போதும் பயத்தில் நீ அதே வயதைத்தான் சொன்னாய். பக்கத்தில் நின்று ஜேர்மன் மொழியில் சொன்னவன் நான். அந்த நாளில் எல்லோரும் அப்படித்தான் வந்தோம், அதைப் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது சரோ. நீயே அதை மறந்துவிட்டாயா?

அந்தப் பள்ளியில் கை எலும்பைப் படம் பிடிப்பார்கள். பிள்ளை இன்னும் எவ்வளவு வளருவான் என்று பார்க்கத்தான். அனோஜனின் எலும்பு வளருகிற எலும்பு என்று காட்டும். கிஷோபனுடையது என்ன காட்டும்? அதற்குப் பிறகு யார் யாரெல்லாம் உன்னிடம் கேள்வி கேட்பார்கள்?

பேஸ்போல் கணக்கிலும் பார். இரண்டு வயது குறைந்த பெடியன்களோடு நிற்பதால்தான் இவன் மலை மாதிரித் தெரிகிறான். அதைத்தான் உனக்கு முதல் கடிதத்திலிருந்து சொல்ல முடியாமல் முழுசிக்கொண்டிருக்கிறேன்.

வாசித்தவுடன் இதைக் கிழித்து எரி.

அண்ணன்


பீல்
12.05.2012

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமா? ஒரு மாதத்துக்கு மேலாகிறது, ஒரு வரிகூட இல்லை. போன் எடுத்தால் நிறுத்திவைத்திருக்கிறாய். அண்ணி நான் ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று என்னோடு கதைக்காமல் இருக்கிறாள். என்ன சொன்னேன் என்று அவளுக்கும் சொல்ல முடியாமல் நான் இருக்கிறேன்.

கிஷோபன் பயிற்சிக்கு வருகிறான். "அம்மா சுகமோ?" என்று கேட்டால் "ஓம்" என்கிறான். 

மாத முடிவில் ஒரு பெயர் போகவேண்டும். நீயாக ஒரு சொல் சொன்னால் எனக்கு நிம்மதி.

அண்ணன்


நொஷாட்டல்
20.05.2012

அண்ணை,

எரித்துவிட்டேன்.

மறந்தேனா என்று கேட்டீர்கள். ஓம், மறந்துதான் போனேன். பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், பஸ் ரிக்கெற் எடுக்கிற இடத்தில் ஒரே திகதியைச் சொல்லிச் சொல்லி அதுவே எனக்கு உண்மையாகிவிட்டது. அந்த நாளில்தான் கேக் வெட்டுகிறோம். சாத்திரியார் கேட்டபோது வாயில் அதுதான் வந்தது. பொய் சொல்கிறேன் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அப்படியென்றால் என் பிள்ளைக்கு எதிர்காலம் இல்லையா? கை அதே கைதானே அண்ணை. அந்த எறி பொய்யா? பயந்து பயந்து ஒரு பிள்ளையைக் கரை சேர்த்துக்கொண்டு வந்தேன். அந்தப் பயமே இன்றைக்கு அவன் காலை வாருகிறது. யாரோடு நான் கோபிப்பது? செத்துப்போன அவனுடைய தகப்பனோடா, எங்கே இருக்கிறான் என்றே தெரியாத ஏஜென்சிக்காரனோடா? கிடைத்தது நீங்கள்தான்.

படம் பிடிக்காத வேறு பள்ளி இல்லையா? கேட்டுப் பாருங்கள். ஒன்றும் சரிவராவிட்டால் அனோஜனின் பெயரைக் கொடுங்கள். ஆனால் கிஷோபனுக்கு இது தெரியக்கூடாது. அவனுக்கு ஒன்றுமே தெரியாது. என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுங்கள்.

சரோ


பீல்
03.06.2012

அன்புத் தங்கச்சிக்கு,

அனோஜனின் பெயர் போய்விட்டது. சிவமலர் உனக்கு இனிப்புத் தந்திருப்பாள். வாங்கிச் சாப்பிடு, அவள் மீது ஒரு பிழையும் இல்லை.

சத்தியம் பண்ணச் சொன்னாய். நான் பண்ணவில்லை. இப்போது ஏன் என்று சொல்கிறேன்.

பெயர் அறிவித்த அன்று கிஷோபன் என்னிடம் வந்து, "மாமா, ஏன்?" என்று கேட்டான். அழவில்லை, கத்தவில்லை. காரணம் கேட்டான், திருத்துவதற்கு. எனக்கு வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. "உன்ர கை கொஞ்சம் பிந்துது" என்றேன். முழுப் பொய்! அவன் கை பிந்துவதில்லை. எங்கள் கழகத்தில் அவனுடையதைப் போலக் கையே இல்லை.

அன்றிலிருந்து பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்னம் வந்துவிடுகிறான். கோடியில் நின்று மூன்றாம் பேஸில் ஒரு வாளியை வைத்துவிட்டு எறிகிறான், எறிகிறான், பந்துக்கூடை வெறுமையாகும் வரைக்கும். பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு போய்த் திரும்பவும் எறிகிறான். புதன்கிழமை பார்த்தேன், முழங்கை வீங்கியிருக்கிறது. "விடடா" என்றால், "இன்னும் பிந்துதோ மாமா?" என்று கேட்கிறான். ரமோன் என்னைத் தூஷணத்தால் பேசினார். பேசட்டும்.

இல்லாத பிழையைத் திருத்தி இருக்கிற கையையும் கெடுக்கப் போகிறான். பள்ளி போனால் போகட்டும், இந்தக் கையும் போனால் அவனிடம் என்ன இருக்கும்?

பத்திரத்தைப் பற்றி அவன் வெளியில் மூச்சும் விடமாட்டான், அவன் உன் பிள்ளை. அடுத்த சனிக்கிழமைக்குள் நீ சொல். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். அதற்காக நீ என்னோடு கதைக்காமல் விட்டாலும் பரவாயில்லை.

அண்ணன்


நொஷாட்டல்
17.06.2012

அன்புள்ள அண்ணைக்கு,

சொல்லிவிட்டேன்.

நீங்கள் சொன்ன சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "உனக்கு உண்மையா எத்தினை வயசு தெரியுமோ?" என்று கேட்டேன். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். ஏஜென்சி, பாஸ்போர்ட், முகாம் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். முதலில், "அப்ப நான் கார் லைசென்சுக்குப் படிச்சிருக்கலாமே" என்றான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாடா, இவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பிறகு கரண்டியை வைத்தான். "வகுப்பில எல்லாரும் என்னைவிடச் சின்ன ஆக்களோ?" என்றான். ஓம் என்றேன். "ஓட்டத்தில ஓடினவையும்?" ஓம் என்றேன். "அனோஜனும்?" அதற்கும் ஓம் என்றேன்.

"அனோஜன் என்னைவிட ரெண்டு வயசு சின்னவன். அவன் எனக்குக் கிட்ட வந்திட்டான் எண்டா அவன்தானே அம்மா நல்ல ரைட் பீல்டர்" என்றான். நீங்களும் நானும் மாதக்கணக்காக அடிபட்ட விஷயத்தைச் சோற்றுக் கையோடு முடித்துவிட்டான்.

அதோடு விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எழும்பிக் கை கழுவிவிட்டு வந்து நின்று கேட்டான்: "அப்ப நான் இவ்வளவு நாளும் சின்னப் பெடியளைத்தானோ அம்மா வெண்டனான்?"

 பயிற்சிக்கு இனிப் போகவில்லை என்கிறான். சின்னப் பிள்ளைகளோடு நிற்க வெட்கமாம். முழங்கைக்கு எண்ணெய் பூச மட்டும் விடுகிறான். அவனுக்கு என்ன சொல்ல? நீங்கள் எழுதுங்கள், வாசித்துக் காட்டுகிறேன்.

சரோ


பீல்
21.06.2012

அன்புத் தங்கச்சிக்கும் மருமகன் கிஷோபனுக்கும்,

நாங்கள் சுகம். இதை அவனுக்குச் சத்தமாக வாசி.

கிஷோபன், நீ கேட்டதற்கு அம்மாவிடம் பதில் இல்லை. என்னிடம் இருக்கிறது. ஓம், நீ சின்னப் பெடியன்களைத்தான் வென்றாய். உன் கை பிந்துகிறது என்று நான் சொன்னதும் பொய். இரண்டையும் கேட்டுக்கொள், இனி இந்த வீட்டில் உனக்கு ஒருவரும் பூசி மெழுக மாட்டோம்.

எங்கள் கழகத்தின் வளர்ந்தோர் அணிக்கு ரைட் பீல்டில் ஆள் இல்லை. பத்திரத்தில் உனக்குப் பதினாறு. அந்த அணியில் விளையாட அது போதும், யாருக்கும் ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை. மைதானத்தில் நிற்கிறவர்களில் ஒருவரும் உன்னைவிடச் சின்னவர் இல்லை. முப்பது வயதுப் பந்தெறிகாரர்கள் இருக்கிறார்கள், நீ காணாத வேகம். முதல் மாதம் உன் மட்டையில் பந்து படாது. நீ ஓடி எடுக்க முன்னம் அவர்கள் பேஸைத் தொட்டுவிடுவார்கள். ரமோன் உன்னை எல்லோருக்கும் முன்னால் ஏசுவார். நான் தடுக்க மாட்டேன்.

முழங்கை ஆறட்டும். ஆறியதும் வா. முதலில் உன் வயதுக்காரரிடம் ஒரு தரம் நல்லாகத் தோற்றுப் பார். உன்னுடைய எதிர்காலத்தைப் பற்றி நானும் நீயும் அதற்குப் பிறகு கதைப்போம்.

மாமா